கியர் விழவில்லையா? பிளேட்டை மாற்றும் முன் காற்றைப் பாருங்கள்



கடன் வாங்கி வண்டி எடுத்து ஓட்டுகிற குடும்பங்கள் நம் குழுக்களில் இருக்கின்றன. விடியும் முன்னே சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றி வருகிற வண்டி, கல்யாணத்துக்கும் ஆடித்தபசுக்கும் ஆள் ஏற்றுகிற வண்டி என்று பலவகை. வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போச்சு. தவணை மட்டும் நிற்காது.

"கியர் விழ மாட்டேங்குது, கிளட்ச் பிளேட் போயிருக்கும்னு சொல்லுதாங்க" என்று யாராவது சொன்னால் உடனே பயந்துவிடுகிறோம். பயம் நியாயம்தான். பிளேட் மாற்ற வேண்டுமானால் கியர் பெட்டியையே கீழே இறக்க வேண்டும். கூலியும் சாமானும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் ஆகும். ஆனால் கியர் விழாததற்குப் பிளேட் மட்டுமே காரணம் இல்லை. கிளட்ச் ஆயில் போகிற குழாயில் காற்று புகுந்திருந்தாலும் இதே தொல்லைதான். அந்தக் காற்றை எடுக்க ஒரு சின்ன டப்பா ஆயிலும், அரை மணி நேரமும், இரண்டு பேரும் போதும்.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. மாருதி 800, ஆம்னி, ஆட்டோ இவற்றில் கிளட்சை இழுப்பது கம்பி, அதாவது கேபிள். அதில் காற்றுக்கு வேலையே இல்லை. டாடா சுமோ, மகிந்திரா பொலிரோ போன்ற வண்டிகளில் கம்பிக்குப் பதில் ஆயில் வேலை செய்கிறது. பெடலை மிதித்தால் மேலே இருக்கிற மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். ஆயில் குழாய் வழியாகப் போய், கியர் பெட்டிப் பக்கம் இருக்கிற சின்ன சிலிண்டரைத் தள்ளும். மெக்கானிக்குகள் அதை சிலேவ் சிலிண்டர் என்பார்கள். அது கிளட்சை விடுவிக்கும், கியர் விழும்.

காற்று புகுந்தால் ஏன் கெடுகிறது? ஊசி போடுகிற சிரிஞ்சை நினைத்துப் பாருங்கள். அதில் தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கினால் அசையாது. வெறும் காற்றை வைத்து அமுக்கினால் பாதி வரை உள்ளே போகும். தண்ணீர், ஆயில் போன்றவை சுருங்காது, காற்று சுருங்கும். நாம் மிதிக்கிற மிதி காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும், சிலேவ் சிலிண்டருக்குப் போய்ச் சேராது. கிணற்று டீசல் இன்ஜினில் ஏர் பிடித்தால் திருகைத் தளர்த்தி நுரை போகிற வரை கையால் அடிக்கிறோமே, அதே சங்கதிதான் இது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். பிளேட்டா, காற்றா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கிளட்சை மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா, ரிவர்ஸ் போடும்போது கறகறவென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பிறகு பெடலை நாலைந்து தடவை விட்டுவிட்டு மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பின் கியர் விழுந்தால் பெரும்பாலும் காற்று, அல்லது ஆயில் குறைவு. இதற்கு மாறாக, இன்ஜின் இரைகிறது, வண்டி மட்டும் ஏற்றத்தில் இழுக்கவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் அது பிளேட் தேய்ந்த அறிகுறி. அதற்குக் காற்று எடுத்துப் பயனில்லை. இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால், பட்டறையில் "பிளேட் மாத்தணும்" என்றதும் தலையாட்டாமல், "அண்ணே, முதல்ல ஏர் இருக்கான்னு பாருங்க" என்று சொல்லலாம்.

காற்று தானாக வராது. ஆயில் ஒழுகிக் குறைந்தால்தான் பொதுவாக வரும். சிலேவ் சிலிண்டர் பக்கம் ஈரமாக இருக்கிறதா, உள்ளே பெடலுக்கு மேலே தொட்டால் பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள். ஒழுகினால் ரப்பர் வாஷரையோ சிலிண்டரையோ மாற்றிவிட்டுத்தான் காற்று எடுக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பவும் அதே கதைதான். செங்கோட்டை தாண்டி, சுமையோடு புளியரை மலைப் பாதையில் ஏறும்போது கியர் விழாமல் போனால் உயிருக்கே ஆபத்து.

வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். கீழே படுப்பவர் விவரம் தெரிந்தவராக இருக்கட்டும். மேலே உட்கார்ந்து மிதிக்க நாமே போதும். சமதரையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஆயில் டப்பாவின் மூடியைத் துடைத்துவிட்டுத் திறந்து, மேல்கோடு வரை ஊற்றுங்கள். சிலேவ் சிலிண்டரில் இருக்கிற நிப்பிளில் ஒரு கண்ணாடி டியூப்பைச் சொருகி, மறுமுனை கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முங்கியிருக்கும்படி வையுங்கள்.

மேலே இருப்பவர் மெதுவாக மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு "மிதிச்சாச்சு" என்பார். கீழே இருப்பவர் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துவார். டியூப்பில் குமிழி குமிழியாக வரும். நிப்பிளை முடுக்கிவிட்டு "விடு" என்ற பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் வெளியே போன காற்று திரும்பி உள்ளே வந்துவிடும். பெடல் கீழேயே நின்றுவிட்டால் பயப்படாதீர்கள், காலால் மேலே தூக்கிவிடுங்கள். நாலைந்து மிதிக்கு ஒரு முறை டப்பாவில் ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டப்பா காலியானால் பட்ட பாடெல்லாம் வீண். குமிழி இல்லாமல் ஆயில் மட்டும் வந்தால் வேலை முடிந்தது. இன்ஜினை ஓடவிட்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள்.

சில புதிய வண்டிகளில் சிலேவ் சிலிண்டர் கியர் பெட்டிக்கு உள்ளேயே இருக்கும். அது ஒழுகினால் பட்டறை வேலைதான்.

ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இதற்கு ஊற்றுவது பிரேக் ஆயில். டாட் 3, டாட் 4 என்று டப்பாவில் போட்டிருக்கும். வண்டியின் மூடியில் எது எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் திறந்து மாசக்கணக்கில் கிடந்த டப்பாவும், பாட்டிலில் பிடித்த பழைய ஆயிலும் ஆகாது. பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயிண்ட் உரிந்துவிடும்.

இது விஷம். குடிதண்ணீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே வேண்டாம், பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும். பழைய ஆயிலைக் கிணற்றடியில் கொட்டாமல் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். காற்று எடுத்து ஒரு வாரம் வரை தினமும் காலையில் டப்பாவில் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் எங்கேயோ ஒழுகுகிறது, அன்றைக்கே தேட வேண்டும்.