அந்தரங்கமும் சட்டமும்



எங்கள் இளமைக் காலத்தில் அஞ்சலட்டையில் எழுதத்தக்கது எது, உறையிலிட்டு ஒட்டி அனுப்பத்தக்கது எது என்பதை எவரும் எங்களுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. நலம் விசாரிப்பும், ஊருக்கு வரும் நாளும் அட்டையில் போகும். கடன், நோய், பெண் பார்த்த செய்தி ஆகியவை உறைக்குள் போகும். அட்டையைத் தபால்காரர் படிப்பார், அவர் கையிலிருந்து வாங்கும் அண்டை வீட்டாரும் படிப்பர் என்பதை அறிந்தே எழுதினோம். இன்று நீங்கள் சமூக ஊடகங்களில் இடும் செய்திகளிற் பெரும்பாலானவை அட்டைகளே. ஆயினும் உறைக்குள் வைத்து ஒட்டியதாக எண்ணிக்கொண்டு எழுதுகிறீர்கள். தொல்லைகளிற் பல இந்த மயக்கத்திலிருந்தே பிறக்கின்றன.

அந்தரங்கம் ஓர் உரிமை என்பதை நம் நாட்டு நீதிமன்றங்கள் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. அரசியலமைப்பில் அச்சொல் எங்கும் காணப்படவில்லை. 1954-ஆம் ஆண்டில், சோதனையிட்டு ஆவணங்களைக் கைப்பற்றும் அதிகாரம் பற்றிய வழக்கொன்றில், எட்டு நீதிபதிகள் கூடி, அத்தகைய உரிமையை அரசியலமைப்புக்குள் கொண்டு வந்து புகுத்த இடமில்லை என்றனர்.

அதன்பின் வந்தது கரக் சிங் வழக்கு. உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த அவர், கொள்ளை வழக்கொன்றில் பிடிக்கப்பட்டுச் சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டவர். ஆயினும் போலீசார் அவர் பெயருக்கு ஓர் ஏடு திறந்து வைத்தனர். நள்ளிரவில் கதவைத் தட்டி எழுப்பி, ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். வெளியூர் செல்வதானால் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். 1962 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இரவில் வீடு தேடி வருவது செல்லாது என்றது. ஆனால் அவருடைய நடமாட்டத்தைக் கண்காணிப்பதைத் தடுக்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று என்பதே பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. நீதிபதி சுப்பா ராவ் இதற்கு உடன்படவில்லை. காலில் விலங்கு இல்லை என்பதனாலேயே ஒருவன் சுதந்திரமாக நடமாடுகிறான் என்று சொல்லிவிட முடியாது, ஓயாத கண்காணிப்பு மனத்தின்மேல் பூட்டிய விலங்காகிவிடும் என்ற பொருள்பட அவர் எழுதினார்.

அன்று தோற்ற கருத்து வெல்வதற்கு ஏறத்தாழ 55 ஆண்டுகள் பிடித்தன. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற புட்டசாமி என்பார், ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் எழுந்த இக்கேள்வியை ஒன்பது நீதிபதிகள் ஆராய்ந்து, 2017 ஆகஸ்டு 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், தந்தை பங்கு கொண்ட தீர்ப்பொன்றைத் தவறானது என்று மகன் எழுதியதும் இதே தீர்ப்பில்தான். நீதிபதி சந்திரசூட் என்பது இருவர்க்கும் பெயர். சட்டம் படிக்க விரும்புவோர் இதைத் தேடிப் படித்துப் பாருங்கள்.

உரிமை உண்டு என்றாகிவிட்டது. அதைக் காக்கச் சட்டம் வேண்டுமன்றோ? 2019-இல் கொண்டு வந்த மசோதா 2022-இல் திரும்பப் பெறப்பட்டது. பின்னர் 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளிற் பல, அதன்பின் பதினெட்டு மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும் என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது.

இச்சட்டத்தின் உயிர்நாடி சம்மதம். உங்களைப் பற்றிய விவரத்தை ஒரு நிறுவனம் பெறுவதானால், எதற்காகப் பெறுகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லி, உங்கள் சம்மதத்தைப் பெறவேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழில் படிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கொடுத்தது எவ்வளவு எளிதோ, அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் இயலவேண்டும். சட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. மருத்துவ ஆலோசனைக்கான செயலி ஒன்று, நோயின் விவரத்தோடு கைப்பேசியிலுள்ள நண்பர்களின் எண்களையும் கேட்கிறது. நீங்கள் இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிட்டாலும், எண்களுக்குக் கொடுத்த சம்மதம் செல்லாது. காய்ச்சலுக்கு மருந்து சொல்ல உங்கள் மாமன் எண் எதற்கு? பதினெட்டு வயது நிரம்பாதவரைச் சட்டம் குழந்தையாகவே கருதுகிறது. அவர்கள் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அவர்கள் நடத்தையைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுதல் கூடாது. விவரங்களைக் காக்கத் தவறினால் ரூபாய் 250 கோடி வரை அபராதம் விதிக்கலாம்.

குறைகளும் உண்டு. நாட்டின் பாதுகாப்பு முதலிய காரணங்களைக் காட்டித் தன் அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு தன்னிடமே வைத்துக்கொண்டுள்ளது. கரக் சிங்கின் கதவைத் தட்டியவர்கள் எவர் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எனக்கு உவப்பாக இல்லை. உங்களுக்கு இன்னும் நெருக்கமான குறை வேறு. நீங்களே ஊரறிய வெளியிட்ட விவரத்துக்கு இச்சட்டத்தின் காவல் இல்லை. தனி மனிதர் தம் சொந்தக் காரியத்துக்காகப் பயன்படுத்தும் விவரத்துக்கும் இல்லை.

இதை நான் பட்டறிந்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில், உதவித்தொகைக்குரிய மாணவர் பட்டியலை, எழுத்தர் கொடுத்தவாறே, பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் இட்டேன். செய்தி விரைவில் சேரட்டும் என்பதே நோக்கம். அதில் சாதி, தந்தையின் தொழில், ஆண்டு வருமானம் எல்லாம் வரிசையாக இருந்தன. நான்கு நாட்கள் கழித்துப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். அவன் தந்தையின் தொழிலையே அவனுக்குப் பெயராக்கி, உடன் படிப்போர் அழைக்கத் தொடங்கியிருந்தனர். அவன் எவர்மேலும் குறை கூறவில்லை. “ஐயா, அந்தப் பட்டியலை எடுத்துவிட முடியுமா?” என்று மட்டும் கேட்டான்.

குழுவிலிருந்து எடுக்க முயன்றேன். காலம் கடந்துவிட்டதனால் அனைவர் கைப்பேசியிலிருந்தும் அதை நீக்க இயலவில்லை. இச்சட்டம் முழுமையாக நடைமுறையிலிருந்து அது நிகழ்ந்திருந்தால், உதவித்தொகைக்கென்று பெற்ற விவரத்தை வேறு வழியில் வெளியிட்டதற்குப் பள்ளி விடை சொல்லியிருக்க வேண்டும். பட்டியலைப் படமெடுத்துத் தம் நண்பர்க்கு அனுப்பிய பிள்ளைகளையோ, அதைப் படித்துச் சிரித்த பெற்றோரையோ இச்சட்டம் தொட்டிராது.

தேர்வு முடிந்தபின் அவன் வேறு பள்ளிக்குச் சென்றான். மாற்றுச் சான்றிதழில் காரணம் எழுதவேண்டிய இடத்தில் ‘பெற்றோர் விருப்பம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.