டைரிக்காகக் குறிஞ்சிப் பூ பறித்தால் ஜெயில்! போடி மலையை நோட்டில் பிடிப்பது எப்படி?

மலைக்குப் போய் வந்தால் ஒரு பூவையோ இலையையோ கிள்ளி டைரிக்குள் வைத்துக்கொள்வது பலருக்கும் பழக்கம். "ஒரே ஒரு பூதானே, என்ன ஆகப்போவுது?" என்பார்கள்.

ஆகும்! அந்தப் பூ நீலக்குறிஞ்சியாக இருந்தால் வம்பு விலைக்கு வாங்கியதுபோல. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் திருத்தம் வந்தது. 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தபோது குறிஞ்சியும் பாதுகாக்கப்பட்ட செடிகள் பட்டியலில் சேர்ந்தது. காட்டில் அதைப் பறித்தாலோ பிடுங்கினாலோ 3 ஆண்டு வரை சிறை. அபராதமும் உண்டு.

அப்படியானால் டைரியை அழகாக்க வழியே இல்லையா? இருக்கிறது. பூவைப் பறிக்க வேண்டாம், வரைந்தால் போதும்.

கீழே பூக்கும் ஏலம்

"எனக்குப் படமே வராதே!" என்பவர்கள் ஏலச்செடியில் ஆரம்பிக்கலாம். ஆள் உயரத்தையும் தாண்டி வளரும் இந்தச் செடிக்கு ஒரு வேடிக்கையான குணம். பூவும் காயும் உச்சியில் வராது, தூரில்தான் வரும். மலபார் ரகத்தில் பூச்சரம் தரையோடு தரையாகப் படரும். மைசூர் ரகத்தில் நிமிர்ந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் சாய்ந்து வருவது வழுக்கை ரகம்.

பக்கத்தை அலங்கரிக்க மலபார் ரகம்தான் தோது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகத் தண்டும் நீண்ட இலைகளும். அடியில் வலது பக்கமாக ஓடும் பூச்சரம். வெள்ளைப் பூ, அதன் இதழில் ஊதாக் கோடுகள், நடுநடுவே பச்சைக் காய்கள். இரண்டு பக்கம் பார்டர் தானாக வந்துவிட்டது! மிச்ச இடத்தில் எழுத வேண்டியதுதான்.

மூன்றில் ஒரு பங்கு

பக்கத்தைச் சுற்றி அரை அங்குலம் விட்டுப் பென்சிலால் லேசாகக் கோடு போட வேண்டும். உள்ளே கிடைக்கும் இடத்தை மூன்றாகப் பிரித்து, படத்துக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என ஒதுக்கலாம். மூன்றாவது? சும்மா விட வேண்டும்! காலி இடம் இருந்தால்தான் கண்ணுக்குக் குளிர்ச்சி. பக்கம் முழுக்க அடைத்தால் சந்தைக் கூட்டம் மாதிரி ஆகிவிடும்.

ஒரு பக்கத்துக்கு மூன்று கலர் போதும். தலைப்பு எழுத்தை இரட்டைக் கோட்டில் வரைந்து உள்ளே வண்ணம் தீட்டலாம். 'ழ', 'ஐ' போன்ற எழுத்துகளின் வாலைக் கொஞ்சம் நீட்டினால் தனி அழகு. மலையில் திடீர் மழை உண்டு. ஜெல் பேனா கரைந்து ஓடும், பென்சில் ஓடாது.

போடிமெட்டு ரோட்டை வளைவு வளைவாக வரைந்து, ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் ஒரு வரி எழுதுவது இன்னொரு முறை. ஏறும்போது பார்த்தது, காதடைத்தது, டீ குடித்தது எல்லாம் வரிசையாக வந்துவிடும். பக்கத்தில் பஸ் டிக்கெட்டையும் ஒட்டலாம்.

இலைதான் வேண்டும் என்றால் தோட்டக்காரரிடம் கேட்டு, உதிர்ந்ததை எடுக்கலாம். படித்து முடித்த மாலைப் பேப்பர் நடுவே வைத்து மேலே பாரம் ஏற்ற வேண்டும். தினமும் பேப்பரை மாற்றினால் பத்து நாளில் காய்ந்துவிடும்.

300 ஆண்டுக்கு முந்திய பக்கம்

ஏலத்துக்குப் படம் போட்டது இன்று நேற்றல்ல. மலபாரில் டச்சுக் கம்பெனி அதிகாரியாக இருந்த வான் ரீடு, உள்ளூர் வைத்தியர் இட்டி அச்சுதன் போன்றவர்களின் உதவியோடு 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்ற நூலை உருவாக்கினார். 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. 700-க்கும் மேற்பட்ட படங்கள்! பக்கம் நிறையச் செடி, ஓரத்தில் பல எழுத்துகளில் அதன் பெயர். அவ்வளவுதான் அலங்காரம். ஏலத்தின் தாவரவியல் பெயரான 'எலெட்டாரியா'வும் அதில் பதிவான மலையாளப் பெயரிலிருந்து வந்ததே.

எழுதாததால் போனது

அழகு மட்டுமா விஷயம்? டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ஒருகாலத்தில் ரோப்பில் தொங்கிக்கொண்டு குரங்கணிப் பக்கம் இறங்கின. மேலே மூணாறிலிருந்து ரயில் ஓடியது. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. அந்தப் பெட்டிகளை இறக்கிய தொழிலாளி ஒரு நோட்டில் நாலு வரியும் ஒரு படமும் போட்டு வைத்திருந்தால், இன்று அது பேரனுக்குப் பொக்கிஷம்.

போடி ரயிலும் அப்படித்தான். 2010 கடைசியில் நின்ற மீட்டர் கேஜ், அகலப் பாதையாகி மறுபடி ஓடியது 2023 ஜூனில். பழைய டிக்கெட்டை ஒட்டி வைத்தவர்களுக்கு அந்தப் பக்கமே சாட்சி.

குறிஞ்சி 2018-ல் பூத்தது. 12 ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2030. நோட்டில் இப்போதே ஒரு பக்கத்தை ஒதுக்கி, மேலே '2030' என்று அழகாக எழுதி வைக்கலாம். அந்த வருஷம் வனத்துறை அனுமதித்த வழியில் போய், பூவைச் செடியிலேயே விட்டுவிட்டு, அதன் நீலத்தை மட்டும் அந்தப் பக்கத்துக்குக் கொண்டு வரலாம்.