பசியின் இயக்கமும் இரைப்பை அறுவையும்

மிகைப்பருமன் என்பது, உடலில் கொழுப்பு அளவிறந்து சேர்ந்து, உறுப்புகளின் இயல்பான தொழிலைக் கெடுக்கத் தொடங்கிய நிலையாகும். அதனை அளந்தறிய மருத்துவர் முதலில் கையாளுவது உடல்நிறை எண். கிலோகிராமில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் இருபடியால் வகுத்தால் அவ்வெண் கிடைக்கும், 1.6 மீட்டர் உயரமுள்ள பெண்ணொருவர் 96 கிலோ எடையிருப்பின் அவர்தம் எண் 37.5 ஆகும். தசையையும் கொழுப்பையும் இவ்வெண் பிரித்தறியாது. வயிற்றைச் சூழ்ந்த கொழுப்பையும் தொடையில் தங்கிய கொழுப்பையும் ஒன்றெனவே கொள்ளும். ஆயினும், எடைக்குறைப்பு அறுவைக்கு உரியவர் யாவர் என்னும் வினாவுக்கு உலகெங்கும் விடை தொடங்குவது இவ்வெண்ணிலிருந்தே.

சங்கரன்கோவில் வட்டத்து மேலநீலிதநல்லூர் போன்று, வானம் பார்த்த நிலத்தில் உளுந்தும் பாசிப்பயறும் விளைவிக்கும் ஊர்களில் இவ்வறுவையைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கருதலாம். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் நாடளாவிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் உடல்நிறை எண் 25 என்னும் மிகையெடை எல்லையைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். பருமன் செல்வர் வீட்டு நோய் என்னும் பழைய எண்ணத்தை இந்த அளவீடு ஏற்கவில்லை. அறுவை வேண்டுமா வேண்டாமா என்னும் கேள்வி இனி நம் ஊர்த் திண்ணைகளிலும் எழும். அதற்கு விடை காணும் அறிவும் நம் மொழியிலேயே நமக்குக் கிடைத்தாக வேண்டும்.

பசி வயிற்றில் தோன்றினும், அதனை ஆள்வது மூளை. இரைப்பையின் மேற்குவட்டில் மிகுதியாகச் சுரக்கும் கிரெலின் என்னும் இயக்குநீரை 1999இல் சப்பானிய அறிஞர்கள் கோசிமாவும் கங்காவாவும் கண்டறிந்தனர். உண்ணுமுன் உயர்ந்து பசியைத் தூண்டுவதும், உண்டபின் தாழ்வதும் அதன் இயல்பு. கொழுப்புத் திசு அனுப்பும் லெப்டின், உடலின் இருப்பு இவ்வளவு என்று மூளைக்கு அறிவிக்கிறது. கீழ்ச்சிறுகுடலில் ஊறும் பிறிதோர் இயக்குநீர், உணவு வந்து சேர்ந்ததை உணர்த்தி நிறைவைத் தருவதோடு, கணையத்தை இன்சுலின் சுரக்கவும் ஏவுகிறது. உணவைக் குறைத்து எடையிழந்த ஒருவருடைய உடல், அவ்விழப்பைப் பஞ்சமெனக் கொண்டு, பசியைப் பெருக்கி, ஆற்றல் செலவைச் சுருக்கி, பழைய எடைக்கே அவரை மீட்டுச் செல்ல முனைகிறது. பலமுறை முயன்றும் எடை திரும்பிவிட்டதே என்று நொந்துகொள்ளும் ஒருவரை வாய்க்கட்டுப்பாடு இல்லாதவரென்று பழிப்பது, அறிவியலுக்கும் அறத்துக்கும் ஒவ்வாதது.

எடைக்குறைப்பு அறுவை வளர்ந்த வரலாறு பிழைகளால் நிறைந்தது. 1950களில் அமெரிக்காவில் சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாதவாறு விலக்கி வைத்தனர். எடை குறைந்தது, ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கும் கல்லீரல் கேடும் வந்தமையால் அம்முறை கைவிடப்பட்டது. அயோவாவின் அறுவை மருத்துவர் எட்வர்டு மேசன், புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்த பெண்கள் மெலிவதைக் கண்டு, 1966இல் மாற்றுவழி அறுவையைத் தொடங்கினார். இன்று பெரிதும் செய்யப்படுவன இரண்டு. குழல் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்கு வெட்டி நீக்கப்பட்டு, எஞ்சியது ஒடுங்கிய குழலாகிறது. நீக்கியதை மீண்டும் பொருத்த இயலாது. மாற்றுவழி அறுவையில், ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பை மட்டும் மேலே பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கப்படுகிறது. எஞ்சிய இரைப்பை உடலுக்குள்ளேயே, உணவு காணாமல் இருக்கும். இரண்டும் வயிற்றில் சில நுண்துளைகள் இட்டுச் செய்யப்படுவன. இவற்றின் ஆற்றல் பையின் சிறுமையில் மட்டும் அடங்கியதன்று. கிரெலின் ஊறும் பகுதி குழல் அறுவையில் நீங்குவதும், உணவு கீழ்க்குடலை விரைந்து சேர்வதும் பசியின் செய்திகளையே மாற்றிவிடுகின்றன. குளத்தைச் சுருக்குவதைவிட மடையைத் திருத்தி அமைப்பதற்கே இது நெருங்கியது. எடை பெரிதும் குறையுமுன்பே, அறுவை முடிந்த சில நாள்களில் பலருக்கு நீரிழிவு தணிவதன் விளக்கமும் இதுவே.

யாருக்கு வேண்டும் என்பதில் எல்லைகள் நகர்ந்துகொண்டே வந்துள்ளன. 1991இல் அமெரிக்க நலவாழ்வு நிறுவனம் வகுத்த நெறி, எண் 40 உடையவர்க்கும், நீரிழிவு முதலிய துணைநோயோடு 35 உடையவர்க்கும் அறுவையைப் பரிந்துரைத்தது. நம் உடல்வாகு வேறு. மேலைநாட்டாரைவிடக் குறைந்த எடையிலேயே நமக்கு வயிற்றுக்கொழுப்பு மிகுந்து நீரிழிவு வருவதால், இந்திய அறுவை மருத்துவர்கள் அவ்வெல்லைகளை 37.5, 32.5 என இறக்கினர். 2022இல் பன்னாட்டு அறுவையர் அமைப்புகள் ஆசியர்க்கு 27.5ஐயே எல்லையாகக் கூறின. ஆனால் இந்தியக் காப்பீட்டு ஒழுங்காணையம் 2019இல் வகுத்த நெறி 40ஐயும் 35ஐயுமே எல்லையாக வைத்தது. முன்னே சொன்ன 96 கிலோ பெண்ணுக்குத் துணைநோய் இல்லையேல், மருத்துவர் கணக்கில் அவர் அறுவைக்கு உரியவர். காப்பீட்டின் கணக்கில், 102.4 கிலோ ஆகும்வரை உரியவரல்லர். தமிழ் உடலுக்கு மேலைநாட்டு அளவுகோலை இட்டுப் பணத்தை மறுக்கும் இந்நெறி திருத்தப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நன்மைக்கு வலுவான சான்று சுவீடனிலிருந்து வந்தது. 1987இல் தொடங்கிய நெடிய ஆய்வில் 4,000க்கும் மேற்பட்டோர், அறுவை செய்துகொண்டோரும் செய்யாதோருமாக, ஒப்பிடப்பட்டனர். 2007இல் வெளிவந்த முடிவின்படி, அறுவை பெற்றோரிடையே இறப்பு ஏறத்தாழ 29 விழுக்காடு குறைவு. இடரும் உண்மையானது. தையல்வழிக் கசிவு, குருதிக்கட்டி நுரையீரலை அடைத்தல், மயக்க மருந்தினால் நேரும் சிக்கல் ஆகியவை அரியவையாயினும் உயிரைப் பறிக்க வல்லவை. 2024 ஏப்பிரலில், புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகர்த் தனியார் மருத்துவமனையொன்றில் இவ்வறுவைக்கெனச் சேர்ந்து, சிக்கல் நேர்ந்து உயிரிழந்தார். அரசு ஆய்வுக்குழு அமைத்தது; நெருக்கடியை எதிர்கொள்ளும் ஏந்துகள் அங்குப் போதவில்லை என்ற நிலையில், மருத்துவமனையின் பதிவு நிறுத்திவைக்கப்பட்டது. ஆகவே, கட்டணம் எவ்வளவு என்பதற்கு முன் கேட்கத்தக்க வினாக்கள் உள. உயிர்காப்புப் பிரிவு உண்டா? இவ்வறுவையை இங்கு எத்தனை பேருக்குச் செய்துள்ளீர்கள்? நள்ளிரவில் சிக்கல் எழுந்தால் பார்ப்பவர் யார்? நீரிழிவு முற்றியவர்க்கும் நெஞ்செரிச்சல் உடையவர்க்கும் மாற்றுவழி அறுவை பெரும்பாலும் ஏற்றது. குழல் அறுவை நெஞ்செரிச்சலை மிகுவிக்கக்கூடும். 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த, கிழமைக்கொரு முறை இடும் புதிய ஊசிமருந்துகளும் ஒரு வழியே. ஆயினும் நிறுத்தியபின் எடை திரும்புதல் பெரிதும் காணப்படுகிறது. இவை அனைத்தும் தெளிந்த தமிழில் எழுதப்பட்ட ஒப்புதல் படிவத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திடுபவர் அதனை வீட்டுக்கு எடுத்துச் சென்று, இல்லத்தாரோடு அமர்ந்து படிக்க வேண்டும்.

அறுவைக்குப் பின்னான வாழ்வு இலையில் தொடங்குகிறது. முதலில் மிடறு மிடறாக நீர்மம், பின் மசித்த உணவு, ஏறத்தாழ இரண்டு திங்களில் திட உணவு. நம் இலையில் சோறு நடுவிலும் பயறும் முட்டையும் ஓரத்திலும் இருப்பது வழக்கம். இனி அவ்வரிசை தலைகீழாகும். புரதம் நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாது வேண்டுமாதலால், முதலில் முட்டையோ மீனோ பயறோ, பின் காய், இடமிருந்தால் கடைசியில் ஒரு கைப்பிடிச் சோறு. ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். உண்ணும்போது நீர் அருந்தலாகாது. ஊர்த் திருமணப் பந்தியில் இப்படி உண்பவரைச் சுற்றத்தார் விடார். "ஏம்மா, வச்சது வச்சபடியே இருக்கு, சமையல் நல்லால்லையா?" என்று ஒரு பெரியம்மை கேட்பார், மறுக்குமுன் கரண்டிப் பாயசம் இலையில் விழும். மாற்றுவழி அறுவை பெற்றவர்க்கு அந்த இனிப்பு சட்டெனச் சிறுகுடலில் இறங்கி, நீரை உள்ளிழுக்க, அரைமணிக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, தலை சுற்றும். இது மிகைவிரைவு இறக்கம் எனப்படும். சுற்றத்தார்க்கும் இதனை முன்கூட்டியே எடுத்துச் சொல்லிவிடுவது நன்று.

முடி கொட்டுவதும், தோல் தொங்குவதும், சிலர்க்குப் பித்தப்பைக் கல் உண்டாவதும் விரைந்த மெலிவின் விளைவுகள். முடி பெரும்பாலும் மீள வளரும். பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருவுறுதலைத் தள்ளிவைக்க வேண்டும். கடைகளில் தாமே வாங்கும் வலிநீக்கிகள் மாற்றுவழி இணைப்பில் புண்ணாக்கும். குடி விரைவில் தலைக்கேறும்.

ஊட்டக் குறைகள் ஓர் ஒழுங்கோடு வருவன. உடலில் தயமின் என்னும் பி1 இருப்பு சில கிழமைகளுக்கே போதும். ஆதலின் அறுவைக்குப் பின் ஓயாது வாந்தி எடுப்பவர் காத்திருக்கலாகாது, நினைவும் நடையும் கெடுமுன் மருத்துவமனை சேர வேண்டும். இரும்பின் குறை பல திங்கள்களில், மாதவிடாய் வரும் பெண்களிடம் முந்தி, களைப்பாகத் தலைகாட்டும். பி12 உயிர்ச்சத்தோ கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமிக்கப்படுவது. அதனை உறிஞ்சத் துணைநிற்கும் பொருள் இரைப்பையிலிருந்தே வருகிறது. அவ்வழி குன்றியபின்னும் சேமிப்பு பல ஆண்டு தாங்கும். எடை குறைந்து, நீரிழிவு தணிந்து, மருத்துவரையே மறந்துபோன காலத்தில்தான் உள்ளங்கால் மரத்து, வரப்பில் நடக்கும்போது கால் தடுமாறும். நரம்பு கெட்டபின் ஊசி போட்டாலும் முழுதும் மீள்வது உறுதியன்று. ஆண்டுதோறும் குருதியில் பி12, இரும்பு, கால்சியம், உயிர்ச்சத்து டி ஆகியவற்றை அளந்து வரின், குறை அறிகுறியாகுமுன் பிடிபடும். அறுவைக்குப் பெருநகரம் செல்ல நேரலாம். ஆனால் பி12 ஊசியை ஊருக்கு அருகிலுள்ள தொடக்க நலவாழ்வு நிலையத்துச் செவிலியரே போட இயலும். எந்த ஆண்டு என்ன அறுவை நடந்தது என்று எழுதிய தாளொன்று அவர் கையில் இருந்தால் போதும்.