நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

“பையன் நல்லாப் படிக்கிறானுங்களா?” என்று கேட்டு, “பரவாயில்லைங்க” என்ற பதிலோடு வீடு திரும்பும் பெற்றோர் சேலம், நாமக்கல் பக்கம் ஏராளம். தறிக்கும் லாரிக்கும் கோழிப்பண்ணைக்கும் குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் ஓடுகிறவர்களுக்கு அதற்கு மேல் கேட்க நேரம் இருப்பதில்லை, எதைக் கேட்பது என்றும் தெரிவதில்லை. நாலாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை என்னென்ன கற்றிருக்க வேண்டும், அதை வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது என்பதை இங்கே எளிமையாகச் சொல்கிறேன்.

முதலில், இந்த வகுப்பு ஏன் முக்கியம்? மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகள் வாசிக்கக் கற்கிறார்கள். நான்கிலிருந்து வாசித்துத்தான் மற்றதையெல்லாம் கற்க வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜீன் சால் 1983-இல் வெளியிட்ட நூலில் இந்தத் திருப்பத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். மூன்றாம் வகுப்பு வரை நன்றாக வந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் நான்காம் வகுப்பிலிருந்து சறுக்குவதை அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் பின்னர் கண்டார்கள். பேச்சில் வராத புதுச்சொற்கள் பாடத்தில் குவியத் தொடங்குவதே அதற்கு முக்கியக் காரணம். நம் ஊர்ப் பாடப்புத்தகத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

தமிழ்நாட்டு அரசுப் பாடத்திட்டத்தில் நாலாம் வகுப்புக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்கள். ஆண்டு மூன்று பருவங்களாகப் பிரிகிறது.

தமிழும் ஆங்கிலமும்

தமிழில், இதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தைப் பிள்ளை எழுத்துக் கூட்டாமல் வாசிக்க வேண்டும். வாசித்ததைச் சொந்தச் சொற்களில் சொல்ல வேண்டும். தானாக ஐந்தாறு வாக்கியம் எழுத வேண்டும். ல-ள-ழ, ர-ற, ன-ண தடுமாற்றம் இந்த வயதில் இருக்கும். சொல்லச் சொல்ல எழுதிப் பழகினால் அது மெல்ல மெல்லச் சரியாகும். ஆங்கிலத்தில் எளிய பத்தி ஒன்றை வாசித்து, கேட்ட கேள்விக்குச் சிறு வாக்கியத்தில் பதில் சொன்னால் போதும்.

பிள்ளை பாடத்தை மனப்பாடமாக ஒப்பிப்பதை வாசிப்பு என்று நம்பிவிடாதீர்கள். நடத்தாத பாடத்தைப் புரட்டிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். “இதில் என்ன சொல்லியிருக்கு?” என்று கேளுங்கள்.

கணக்கு

நான்கு இலக்க எண்கள்தான் இந்த வகுப்பின் அடித்தளம். “நாலாயிரத்து ஐந்து” என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். 4005 என்று எழுதினால் இடமதிப்பு புரிந்திருக்கிறது. 40005 என்று எழுதினால், காதில் கேட்டதை அப்படியே எழுதுகிறது, இடமதிப்பு இன்னும் பிடிபடவில்லை.

அடுத்து, 7302-இலிருந்து 458-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். சரியான விடை 6844. பிள்ளை 7156 என்று எழுதியிருந்தால் அது கவனக்குறைவு அல்ல. மேலே இருப்பது கீழே இருப்பது பாராமல், ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. கடன் வாங்கிக் கழிப்பது தெரியவில்லை என்று பொருள். திட்டினால் இது தீராது. குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினால் தீரும்.

பெருக்கலுக்கு நாமக்கல் முட்டையே போதும். ஓர் அட்டையில் 30 முட்டை என்றால் 24 அட்டையில் எத்தனை? 720. வகுத்தலுக்கும் அதுவே: 100 முட்டையை ஆறு ஆறாகப் பெட்டியில் அடுக்கினால் 16 பெட்டி நிறையும், 4 மீதி. அந்த நாலையும் வைக்க மொத்தம் எத்தனை பெட்டி வேண்டும் என்று கேளுங்கள். 17 என்று சொல்கிற பிள்ளைக்கு வகுத்தலின் பொருளே புரிந்துவிட்டது. இவற்றோடு நீளம், எடை, கொள்ளளவு, நேரம், பணம், எளிய பின்னங்கள், வடிவங்கள் ஆகியவையும் உண்டு.

அறிவியலும் சமூக அறிவியலும்

உடல், உணவு, நீர், காற்று, தாவரம், விலங்கு என்று அறிவியல் கண்முன்னே இருப்பதைத்தான் பேசுகிறது. பார்த்ததைச் சொல்வதும், “ஏன்” என்று கேட்பதும், தெரிந்த காரணத்தை விளக்குவதும் வர வேண்டும்.

சமூக அறிவியலில் நம் பகுதிப் பிள்ளைக்கு ஒரு வசதி இருக்கிறது. சங்ககால வள்ளல்களில் வல்வில் ஓரி ஆண்டது கொல்லிமலை. அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. தமிழ்நாட்டின் நிலத்தோற்றம் என்றால் சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகள். ஆறுகள் அறுத்துப் போனதால் மேற்குத் தொடர்ச்சி மலையைப் போல அது ஒரே தொடராக இல்லை. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. நகராட்சி, மாநகராட்சிப் பாடத்துக்கு சேலமும் நாமக்கல்லுமே எடுத்துக்காட்டு: சேலம் 1994-இல் மாநகராட்சியானது, நாமக்கல் 2024-இல். ராசிபுரம், ஆத்தூர், எடப்பாடி ஆகியவை நகராட்சிகள். பேருந்தில் போகும்போது இதையெல்லாம் பிள்ளையிடம் பேசிக்கொண்டே போகலாம்.

பின்தங்கியிருந்தால்?

எட்டாம் வகுப்பு வரை நம் மாநிலத்தில் யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. பத்து வயதுப் பிள்ளையைத் தோற்றவன் என்று முத்திரை குத்தாமல் இருப்பது நல்ல முடிவுதான். ஆனால் அடுத்த வகுப்புக்குப் போனதை வைத்துப் பாடம் புரிந்துவிட்டது என்று முடிவுசெய்ய முடியாது. ஆகவே பார்க்க வேண்டிய பொறுப்பு நமக்கும் இருக்கிறது.

கொரோனா இடைவெளியை நிரப்ப 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. பிள்ளை இருக்கும் நிலையைப் பார்த்து அங்கிருந்து கற்பிப்பதே அதன் வழி. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளுக்குப் பெயர். உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியரிடம் நேரடியாகக் கேளுங்கள். “பரவாயில்லை” என்று பதில் வந்தால், “வாசிக்க வருதுங்களா, கடன் வாங்கிக் கழிக்க வருதுங்களா?” என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் இதைப் பேசலாம்.

வீட்டில் தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் நிறைய மாறும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் தகப்பனும்கூட இதைச் செய்யலாம். பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். புரிந்ததைச் சொல்லட்டும், புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள். ஐந்தாம் வகுப்பு முடிந்து ஆறாவதுக்கு வேறு பள்ளி போகும்போது ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆசிரியர் வருவார், பாடமும் வேகமெடுக்கும். அதற்குள் சரிசெய்ய முழுதாக இரண்டு வருடம் கையில் இருப்பது நாலாம் வகுப்பில்தான். இன்றைக்கே புத்தகத்தை எடுத்துப் பிள்ளையோடு உட்காருங்கள்.