வேதத்தில் நம்ம களம்

கி.பி. 920 வாக்கில் வெட்டிய உத்திரமேரூர்க் கல்வெட்டில் சம்வத்சர வாரியம் வடமொழிப் பேர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வரும்போது தமிழ். இந்தக் கலப்பு அதைவிட ரொம்பப் பழசு.

கி.மு. 2000–1500 வாக்கில் மத்திய ஆசியப் புல்வெளி மக்களின் வழிவந்தவர்கள் வடமேற்கு வழியா இங்கே வந்ததை மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. இந்தோ-ஐரோப்பிய மொழியைக் கொண்டுவந்தவர்கள் இவர்களே என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. மாடும் குதிரையும்தான் இவர்கள் செல்வம். ரிக்வேதத்தில் தானியத்துக்கு வரும் ‘யவ’ அவர்கள் சொந்தச் சொல்; ஈரானிய மொழியிலும் உண்டு. ஆனால் கதிரடிக்கும் இடம் ‘கல’. அது நம்ம ‘களம்’தான் என்கிறார் மொழியறிஞர் பர்ரோ. மொழி பரவினாலும், களத்து வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தவர்களின் சொல்லை அது எடுத்துக்கொண்டிருக்கு.

மூவாயிரம் வருஷமா வேதத்தில் இருக்கிற களம் எங்க ஊரில் இல்லை. மெஷின் வயலிலேயே அடித்துவிடுகிறது, நெல் ரோட்டில் காய்கிறது. களம் என்றால் “தேர்தல் களமா, தாத்தா?” என்கிறான் பேரன்.