வெளுப்பது துணியா? உங்கள் கையா?

சென்னை, மெரினா கடற்கரையில் 2019 டிசம்பரில் மலை மலையாக வெள்ளை நுரை ஒதுங்கியது. குழந்தைகள் அள்ளி விளையாடினார்கள். பெரியவர்கள் படம் பிடித்தார்கள். அழகாவது, மண்ணாவது! சுத்தம் செய்யாத சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் கடலில் கலந்து பொங்கிய நுரை அது. எல்லாம் நம்ம வீட்டு வாளியில் இருந்து போனதுதான்.

தூளில் என்ன இருக்கு?

நுரை தருவது பெரும்பாலும் பெட்ரோலிய ரசாயனம். அழுக்கோடு கையின் எண்ணெய்ப் பசையையும் அது உரித்துவிடும். சலவை சோடா தோலை வறட்டும். தினம் துவைக்கும் பெண்களின் விரல் இடுக்கைப் பாருங்கள். வெடிப்பு, அரிப்பு, எரிச்சல்!

'பளிச்' வெண்மை சுத்தம் அல்ல. கண்ணை ஏமாற்றும் சாயம். அலசினாலும் துணியிலேயே தங்கும்.

பாஸ்பேட் கலந்திருந்தால் ஏரிப் பாசிக்கு அது உரம். பாசி அழுகினால் பிராணவாயு குறைந்து மீன் சாகும். ஐரோப்பிய யூனியனில் 2013 முதல் வீட்டுச் சலவைத் தூளில் பாஸ்பேட்டுக்குக் கட்டுப்பாடு.

உஷார்!

பிளீச்சிங் பவுடரோடு கக்கூஸ் ஆசிட்டைக் கலக்கவே கூடாது. குளோரின் விஷ வாயு கிளம்பும்.

வேறு வழி?

நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை கிடைக்கும். விதையை நீக்கி, தோலை ராத்திரி ஊறவைத்துக் கசக்கினால் நுரை ரெடி. பட்டுக்கு ஏற்றது. கண்ணில் மட்டும் படக்கூடாது, எரியும்.

தூள்தான் வேணுமா? அளவைக் குறைங்க. இன்னொரு தடவை அலசுங்க. கையுறை போடுங்க. நுரை கூடினால் அழுக்கு கூடுதலாகப் போகும் என்பது தப்புக் கணக்கு!