ஒரு பொத்தான் போதும்

கணினி விளையாட்டு என்றவுடன், இரு கைகளாலும் பிடித்து விரல்கள் பலவற்றுக்கும் வேலை கொடுக்கும் கருவியே பலருக்கும் நினைவுக்கு வரும். நடப்பதற்கு ஒரு பொத்தான், குதிப்பதற்கு ஒன்று, பொருளை எடுப்பதற்கு ஒன்று எனப் பொத்தான்கள் பெருகிக்கொண்டே செல்லும். ஆயினும், ஒன்றிரண்டு பொத்தான்களை மட்டுமே கொண்டு இயங்கும் விளையாட்டுகளும் உள்ளன. அவை ஆடுவதற்கு எளியவை போலத் தோன்றும். அவற்றை உருவாக்குவதோ நுட்பமான பணியாகும்.

கேம் ஜாம்

குறுகிய காலத்திற்குள் ஒரு விளையாட்டை உருவாக்கி முடிக்கும் நிகழ்வுக்குக் ‘கேம் ஜாம்’ என்று பெயர். இவற்றுள் புகழ்பெற்றது 2002ஆம் ஆண்டு தொடங்கிய ‘லூடம் டாரே’. இலத்தீன் மொழியில் இதற்கு ‘விளையாட்டை அளித்தல்’ என்பது பொருள். இணையவழியில் நடைபெறுவதால், எந்நாட்டவரும் தம் வீட்டில் இருந்தபடியே இதில் பங்கேற்கலாம். இப்போட்டியில் தனியாகப் பங்கேற்பவருக்கு 48 மணி நேரமும், குழுவாகப் பங்கேற்பவர்களுக்கு 72 மணி நேரமும் வழங்கப்பட்டன. கருப்பொருள் வாக்கெடுப்பின் மூலம் தேர்ந்தெடுக்கப்பட்டு, போட்டி தொடங்கும்போதுதான் அறிவிக்கப்படும்.

2015 டிசம்பரில் நடைபெற்ற 34ஆம் போட்டியில் புதுமையான ஒன்று நிகழ்ந்தது. ‘வளர்தல்’, ‘இரு பொத்தான் கட்டுப்பாடு’ என்னும் இரண்டும் வாக்கெடுப்பில் சமநிலை பெற்றன. எனவே, இரண்டுமே கருப்பொருள்களாக அறிவிக்கப்பட்டன. முன்னது திரையில் நிகழ்வதைப் பற்றியது. பின்னது ஆடுபவரின் கையைப் பற்றியது.

பொத்தானும் காலமும்

ஒரு பொத்தானுக்கு அழுத்தப்பட்ட நிலை, விடப்பட்ட நிலை என இரண்டு நிலைகளே உண்டு. ஆனால், அதனுடன் காலம் சேரும்போது பல செயல்கள் பிறக்கின்றன. ஒருமுறை தட்டலாம், இருமுறை தட்டலாம், அழுத்திப் பிடிக்கலாம், பிடித்ததைத் தக்க நேரத்தில் விடலாம். இடத்திற்கு ஏற்பவும் பொத்தானின் பொருள் மாறலாம். தரையில் இருக்கும்போது குதிக்கச் செய்யும் அதே பொத்தான், கதவருகே நிற்கும்போது கதவைத் திறக்கலாம். இத்தகைய விளையாட்டில் ‘எதை அழுத்துவது?’ என்னும் வினா மறைந்து, ‘எப்போது அழுத்துவது?’ என்னும் வினா எழுகிறது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, ஆடம் சால்ட்ஸ்மன் என்பவர் 2009இல் வெளியிட்ட ‘கேனபால்ட்’ என்னும் விளையாட்டு. இதில் ஒரு மனிதன் கட்டடங்களின் கூரைகள்மீது தானாகவே ஓடுகிறான்; அவனது வேகம் கூடிக்கொண்டே செல்கிறது. ஆடுபவர் செய்யக்கூடியது அவனைக் குதிக்கச் செய்வது மட்டுமே. பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அவன் மேலும் உயரமாகக் குதிப்பான். வேகத்தைக் குறைப்பதற்கென்று தனிப் பொத்தான் இல்லை. கூரைகளில் ஆங்காங்கே பெட்டிகள் கிடக்கின்றன. அவற்றில் மோதினால் வேகம் குறையும். புதிதாக ஆடுபவருக்கு அப்பெட்டிகள் தடைகளாகத் தெரியும். பழகியவரோ வேகம் மிகும்போது வேண்டுமென்றே அவற்றில் மோதித் தம் ஓட்டத்தைச் சீர்செய்துகொள்வார். இல்லாத பொத்தானின் வேலையை ஒரு பெட்டி செய்துவிடுகிறது.

விடுவதும் ஒரு திறன்

நாற்பத்தெட்டு மணி நேரம் என்பது உறக்கத்தையும் உணவையும் உள்ளடக்கியது. ஆகவே, தேர்ந்தவர்கள் முதலில் படம் வரைவதில்லை. வெறும் சதுரம் ஒன்றைத் திரையில் வைத்து, பொத்தானை அழுத்தினால் அது குதிக்குமாறு நிரல் எழுதுவர். அச்சதுரம் குதிப்பதே மகிழ்ச்சி தருமானால் அதற்கு உருவமும் வண்ணமும் பின்னர் வரும். சதுரம் சலிப்பூட்டினால், அழகிய படங்கள் அதனைக் காப்பாற்றுவதில்லை.

பணி நடக்கும்போதே புதிய எண்ணங்கள் பல தோன்றும். வாள் சேர்க்கலாம், கடை சேர்க்கலாம் என மனம் விரியும். அவற்றுள் பெரும்பாலானவை மற்றொரு பொத்தானைக் கேட்கும். அப்பொத்தான் இல்லை என்பதாலேயே அவை விலகிவிடும். குறள் ஏழு சீர்களுக்குள் அடங்க வேண்டும் என்னும் விதி, தேவையற்ற சொல்லை விலக்குவதைப் போன்றது இது.

அடுத்து, வேறொருவரை ஆடச் செய்து பார்க்க வேண்டும். அப்போது உருவாக்கியவர் விளக்கம் கூறாமல் அமர்ந்திருத்தல் நலம். ஆடுபவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே திருத்தம் தேவைப்படுகிறது. ‘நான் சரியாகத்தான் அழுத்தினேன், ஆனாலும் விழுந்துவிட்டேன்’ என்பது பலரும் கூறும் குறை. பொத்தான் ஒன்றே எனில் இக்குறை மிகப் பெரிதாகத் தோன்றும். பல விளையாட்டுகளில் திரைக்காட்சி நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. விளிம்பைத் தாண்டிய பின்னரும் ஆறு காட்சிகளுக்கு, அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்திற்கு, குதிக்க இடமளித்தால் அக்குறை பெரிதும் நீங்கும். 2018இல் வெளிவந்த ‘செலெஸ்ட்’ என்னும் விளையாட்டில் இத்தகைய சலுகை உண்டு. இதன் முதல் வடிவமும் நான்கே நாள்களில் உருவானதாகும்.

யாருக்காக?

பொத்தான்களைக் குறைப்பது போட்டிக்கான விதி மட்டுமன்று. கை விரல்களை எளிதில் அசைக்க இயலாதோர் பலர் உள்ளனர். அவர்களுள் சிலர் பாதத்தாலோ தலையசைவாலோ இயக்கக்கூடிய ஒரே ஒரு விசையைக் கொண்டு கணினியைப் பயன்படுத்துகின்றனர். பத்துப் பொத்தான்கள் தேவைப்படும் விளையாட்டின் கதவு அவர்களுக்கு மூடியே இருக்கும். ஒரு பொத்தான் விளையாட்டின் கதவு திறக்கும். 2018இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட தகவமைப்புக் கருவியில் இரண்டு பெரிய பொத்தான்களும், வெளி விசைகளை இணைப்பதற்கான துளைகளும் உள்ளன.

ஆயினும், ஒரு பொத்தான் என்பதால் மட்டும் எல்லாரும் ஆடிவிட முடியாது. கண்ணிமைக்கும் நேரத்தில் அழுத்த வேண்டும் என்றால், மெதுவாக அசையும் கை மீண்டும் வெளியே நிற்கும். எனவே, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதியும் தேவை. ‘செலெஸ்ட்’ விளையாட்டில் வேகத்தைப் பாதியளவு வரை குறைத்துக்கொள்ளலாம். இவ்வசதியைச் சேர்க்கச் சில வரி நிரலே போதுமானதாக இருக்கலாம். ஆனால், அதனால் ஒரு சிறுமி தன் அண்ணனுடன் சேர்ந்து ஆட முடியும்.

‘இன்னும் எதைச் சேர்க்கலாம்?’ என்று கேட்பதைப் போலவே, ‘எது இல்லாமலும் இது நிற்கும்? இதனால் இன்னும் யார் ஆட முடியும்?’ என்று கேட்பதும் படைப்பவரின் கடமையாகும்.

சொற்பொருள்

நிரல் – கணினிக்கு இடப்படும் கட்டளைத் தொகுப்பு
கருப்பொருள் – ஒரு படைப்புக்கு அடிப்படையான பொருள்
விசை – கருவியை இயக்க அழுத்தும் உறுப்பு
தகவமைப்பு – தேவைக்கு ஏற்ப மாற்றி அமைத்தல்

பயிற்சி

1. 34ஆம் லூடம் டாரே போட்டிக்கு இரண்டு கருப்பொருள்கள் அமைந்தது ஏன்?
2. ‘கேனபால்ட்’ விளையாட்டில் பெட்டிகள் தடையாகவும் துணையாகவும் விளங்குவது எவ்வாறு?
3. ஒரு பொத்தான் விளையாட்டிலும் வேகக் குறைப்பு வசதி ஏன் தேவைப்படுகிறது?
4. பிரித்து எழுதுக: அச்சதுரம், இவ்வசதி, எந்நாட்டவர்.
5. ஒரே பொத்தானில் இயங்கும் விளையாட்டு ஒன்றைத் தாளில் வரைந்து, அதன் விதிகளை ஐந்து தொடர்களில் எழுதுக.